விவசாயம் படித்தவள் உளவியலுக்குப் போகலாமா?

[காட்சி: கிளிநொச்சி அறிவியல் நகர். மிளகாய்ப் பாத்திகள், நடுவே இலக்கம் எழுதிய சிறு பலகைகள்.]

வணக்கம். நான் பட்டம் எடுத்தது இங்கே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில். நாலு வருடம் பாத்தி அளந்து, கன்று எண்ணி, மண்ணைத் தராசில் நிறுத்த ஒருத்தி "உளவியல் படிக்கப் போகிறேன்" என்றதும் மாமி கேட்டது: "ஏன் பிள்ளை, இனி விசர் ஆக்களோடயோ வேலை?" அதற்குப் பதில் சொல்ல முதலே அடுத்த கேள்வி வந்தது: "அதுக்கு உன்னை எடுப்பினமோ?"

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. இந்த வீடியோ அதற்குத்தான்.

எடுப்பார்கள். பிரித்தானியாவில் இதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. கொன்வேர்ஷன் கோர்ஸ் என்பார்கள். வேறு எந்தத் துறையில் பட்டம் இருந்தாலும் சேரலாம். பெரும்பாலும் எம்.எஸ்சி.; முழுநேரம் என்றால் 1 வருடம், பகுதிநேரம் என்றால் 2 வருடம். உளவியல் பட்டதாரி மூன்று வருடத்தில் படிக்கும் அடிப்படைப் பாடங்களை இதில் நெருக்கிப் பிடித்துப் படிப்பிக்கிறார்கள்: மூளையும் உடலும், அறிகை, குழந்தை வளர்ச்சி, சமூக உளவியல், ஆளுமை, ஆய்வு முறைகள். கடைசியில் சொந்தமாக ஓர் ஆய்வும் செய்ய வேண்டும்.

[காட்சி: கணினித் திரையில் மூன்று படிப்புகளின் பெயர்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக.]

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். "எம்.எஸ்சி. உளவியல்", "எம்.எஸ்சி. மருத்துவ உளவியல்", "எம்.எஸ்சி. குழந்தை உளவியல்" என்று பார்த்தால் மூன்றும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். பின்னைய இரண்டும் பல இடங்களில் ஏற்கெனவே உளவியல் படித்தவர்களுக்கானவை. சில இடங்களில் யாரையும் எடுப்பார்கள், ஆனால் அதை முடித்தாலும் அடுத்த கதவு திறக்காது. அதனால் பெயரை விடுங்கள். படிப்பின் பக்கத்தில் பிரித்தானிய உளவியல் சங்கத்தின், அதாவது பி.பி.எஸ்.இன் அங்கீகாரம் இருக்கிறதா, முடித்தால் ஜி.பி.சி. கிடைக்குமா என்று பாருங்கள். ஜி.பி.சி. என்பது "இவருக்கு உளவியலில் பட்டதாரிக்குரிய அடித்தளம் இருக்கிறது" என்று அந்தச் சங்கம் ஏற்றுக்கொள்வது. இந்தப் படிப்புக்குக் காசு கட்டுவதே அதற்காகத்தான். பி.பி.எஸ். தளத்திலும் அங்கீகாரம் பெற்ற படிப்புகளைத் தேடலாம். பல்கலைக்கழகத்தின் பேச்சை மட்டும் நம்பாமல் அங்கேயும் ஒருதரம் பாருங்கள்.

புள்ளி விஷயம். பல இடங்களில் அவர்களுடைய 2:2க்கு, அதாவது இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவுக்குச் சமமான வகுப்புக் கேட்பார்கள், சில இடங்களில் அதன் மேற்பிரிவான 2:1. நம்மூர் செக்கன்ட் அப்பர், செக்கன்ட் லோவர் அங்கே எதற்குச் சமம் என்று பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கணக்கு மாறும். மின்னஞ்சலில் கேளுங்கள்.

அப்புறம், எல்லாருக்கும் பயம் தருகிற பெர்சனல் ஸ்டேற்மென்ட், அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு நாமே எழுதிக் கொடுப்பது.

[காட்சி: கொப்பியில் கையெழுத்து. முதல் வரி வெட்டப்படுகிறது.]

என் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "சிறு வயதிலிருந்தே மற்றவர்களுக்கு உதவ வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு." உண்மைதான். ஆனால் அதை வாசிக்கிறவர் அன்றைக்கு இருபதாவது தடவையாக அந்த வரியை வாசிப்பார். இரண்டாவது பந்தி முழுக்க, ஏன் விவசாயம் படித்தேன் என்பதற்கு மன்னிப்புக் கேட்கிற தொனி. இரண்டையும் வெட்டினேன்.

பிறகு எழுதியது புத்தூர்ப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டத்தைப் பற்றி. பட்டம் முடித்துக் கள வேலை செய்த காலம். நான் நோய்க்கு என்ன மருந்து அடித்தார் என்று கேட்க, தோட்டக்காரர் ஐயா வேறு கதை சொன்னார்: "ஒரே யோசனை பிள்ளை. நித்திரை வருகுதில்லை. தலை விறைக்குது." "மனச்சோர்வு" என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. வராது. மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பாவிக்கும் பி.எச்.கியூ.-9 என்ற வினாக்கொத்து கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்வி கேட்கும், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. அதைத் தமிழில் அவரிடம் வாசித்தால், எந்தச் சொல்லுக்கு அவர் "ஓம், அது எனக்கு இருக்கு" என்பார்? எந்தச் சொல்லுக்குத் தலையாட்டிவிட்டுச் சும்மா இருப்பார்? இந்தக் கேள்வியோடு என் பந்தியை முடித்தேன். உதவும் ஆசையை எல்லாரும் எழுதலாம், இந்தத் தோட்டம் எனக்கு மட்டும்தான் இருந்தது. உங்களுக்கும் ஒரு தோட்டம் இருக்கும். வங்கிக் கவுண்டராக இருக்கலாம், ரியூசன் கொட்டிலாக இருக்கலாம்.

பழைய பட்டத்தை ஒளிக்கத் தேவையில்லை என்பதற்கு இன்னொரு காரணம், புள்ளிவிபரவியல். இந்தப் படிப்பில் ஆட்களை அழவைக்கும் பாடம் அதுதான். முதல் தவணையில் அனோவா, அதாவது பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் கணக்கு முறை, என்ற சொல்லைக் கேட்டதும் ஒன்லைன் வகுப்பில் பாதிப் பேர் கமெராவை நிறுத்திவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. 1919இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், பயிர்ப் பரிசோதனைத் தரவுகளோடு மல்லுக்கட்டி வளர்த்தெடுத்த முறை அது. எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதும், எந்த ஆளுக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கிப் போடுவதும் ஒரே தர்க்கம். இதையும் விண்ணப்பத்தில் இரண்டு வரி எழுதியிருந்தேன்.

[காட்சி: இரவு. வீட்டு மேசை, மடிக்கணினி, நுளம்புத்திரி.]

நான் ஒன்லைனில், பகுதிநேரமாகப் படித்தேன். லண்டனில் மாலை 6 மணி வகுப்பு என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 11.30. நேரில் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2024 ஜனவரியிலிருந்து இப்படியான முதுகலைப் படிப்புக்குப் போகிறவர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டிப்போக விசா இல்லை. ஒன்லைன் படிப்புக்கு மாணவர் விசாவே கிடையாது.

இனி, முகவர்கள் சொல்லாமல் விடுகிற பகுதி. கொன்வேர்ஷன் முடித்தால் நீங்கள் உளவியலாளர் ஆகிவிட மாட்டீர்கள். பிரித்தானியாவில் "கிளினிக்கல் சைக்கோலஜிஸ்ட்" என்ற பட்டப்பெயரைச் சட்டம் பாதுகாக்கிறது, சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் சபையான எச்.சி.பி.சி.இன் பதிவேட்டில் பெயர் இல்லாமல் போட்டுக்கொள்ள முடியாது. அந்தப் பதிவுக்குப் பெரும்பாலும் இன்னும் 3 வருடக் கலாநிதிப் படிப்பு வேண்டும், அதற்குள் நுழையவே கள அனுபவம் கேட்பார்கள், போட்டியும் கடுமை. அரசாங்கச் செலவில் படிக்கும் இடங்கள் வெளிநாட்டு மாணவருக்குக் கிடைப்பது அரிது. அவுஸ்திரேலியாவில் அண்ணன், சித்தி இருக்கிறவர்களுக்கும் இதே கதைதான்: அங்கே கொன்வேர்ஷன் மாதிரி கிராஜுவேட் டிப்ளோமா என்று ஒன்று உண்டு, ஆனால் அதற்குப் பிறகு நாலாம் வருடப் படிப்பு, அதற்கும் மேலே பயிற்சி.

இங்கேயே இருந்து வேலை செய்யப் போகிறீர்களா? கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ உளவியலில் எம்.ஃபில். இருக்கிறது. உங்கள் கொன்வேர்ஷனை அடிப்படைத் தகுதியாக ஏற்பார்களா என்று காசு கட்ட முதலே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் "ஓம், பிரச்சினை இல்லை" என்பதெல்லாம் பதில் இல்லை.

[காட்சி: மீண்டும் மிளகாய்ப் பாத்தி.]

வகுப்புகள் பெரும்பாலும் செப்ரெம்பரில் தொடங்கும், சில இடங்களில் ஜனவரியிலும். அதற்கு முதல் டிரான்ஸ்கிரிப்ட் (பாடவாரியான பெறுபேற்றுப் பத்திரம்), இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், ஆங்கிலப் பரீட்சைப் புள்ளி எல்லாம் கையில் இருக்க வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட்தான் இழுபடும். எனக்குப் பாடக் குறியீடு ஒன்று பிழையாக அடித்து வந்து, திருப்பிக் கொடுத்து, மறுபடி போய் நின்றேன். அதனால் நாளைக்குக் காலையில் முதல் வேலையாக டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும் படிவத்தை நிரப்புங்கள். இரண்டு பிரதி கேளுங்கள்.