பெரியம்மா கேட்ட கேள்வி

வணக்கம் நேயர்களே. முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். வயதானவர்களுக்கு ஒரு இல்லத்தை எப்படிப் பார்த்துத் தெரிவு செய்வது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வோர்டில் கற்றதோடு, என் பெரியம்மாவுக்காக அலைந்தபோது கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பெரியம்மாவுக்கு 81 வயது. முல்லைத்தீவுப் பக்கம் தனியாக இருந்தவர். மூத்த மகன் கனடாவில். இளையவனைப் பற்றி 2009இல் யுத்தம் முடிந்த பிறகு ஒரு தகவலும் இல்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அவரைத் தனியே விட முடியாமல் போனது. என் வீட்டிலோ கணவர் படுத்த படுக்கை. "கடைசிக் காலத்தில கொண்டுபோய் இல்லத்தில விடப்போறியளோ" என்று கேட்டவர்கள் உண்டு. வன்னியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தும், கடல் கடந்து அனுப்பியும் தனித்துப்போன வீடுகள் எத்தனை! இல்லத்தில் விடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாராமல் விட்டால்தான் பிழை.

முதலில் கடதாசி அலுவல். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதியோர் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு இருக்கிறதா என்று இல்லத்தில் கேளுங்கள், பிரதேச செயலகத்திலும் ஒருக்கால் விசாரியுங்கள். மாதக் காசுக்குள் எவை அடங்கும், பம்பர்ஸ், மருந்து, கிளினிக்குக்குப் போகும் ஆட்டோ எல்லாம் வேறாகவா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இது அரை மணி நேர வேலை.

நேரம் எடுத்துப் பார்க்க வேண்டியது இரவை. நாங்கள் எல்லோரும் காலை பத்து மணிக்குத்தான் போவோம். அந்த நேரம் முற்றம் கூட்டியிருக்கும், எல்லோரும் குளித்துத் திருநீறு பூசிக் கதிரையில் இருப்பார்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். இரவுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்கள் விழித்திருப்பவர்களா, மணி அடித்தால் எழும்புகிறவர்களா என்று கேளுங்கள். கட்டிலில் நீங்களே இருந்து பாருங்கள், கால் நிலத்தில் படுகிறதா என்று. அங்கிருந்து கக்கூசுக்கு இருட்டில் நடப்பதாக நினைத்து நடந்து பாருங்கள். லைற் சுவிட்ச் கைக்கு எட்டுமா, பிடித்து எழும்பக் கம்பி இருக்கிறதா, நிலம் ஈரமா, படி தடக்குமா. வயதானவர்கள் விழுவது அநேகமாக இந்தப் பத்து அடிக்குள்தான்.

இன்னொன்று, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? சில இடங்களில் வேலையாட்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக ஐந்தரைக்கே கொடுத்துவிடுவார்கள். காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு. இடையில் பதினாலரை மணித்தியாலம்! சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிறவருக்கு நடுச்சாமத்தில் சீனி இறங்கி, வியர்த்து, நினைவு தப்பினால் யாருக்குத் தெரியும்? படுக்கப்போக முன் ஒரு கோப்பை பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுக்கிற இல்லம் என்றால் எனக்கு மனம் ஆறும்.

படுக்கையில் இருப்பவர்களையும் பாருங்கள். எழும்ப முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிக்காலிலும் படுக்கைப் புண் வரும். அந்தப் புண்ணுக்கு ஒரு மணம் உண்டு. எத்தனை பினாயில் ஊற்றினாலும் அது மறையாது.

அப்புறம் ஆஸ்பத்திரி. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஆனால் வோர்டில் பக்கத்தில் நிற்பது யார்? எங்கள் வோர்டில் துணைக்கு ஒருவரும் இல்லாமல் சோற்றுப் பார்சலைப் பிரிக்க முடியாமல் இருந்த முதியவர்களைக் கண்டிருக்கிறேன். இல்லம் ஆள் அனுப்புமா, குடும்பம் வர வேண்டுமா என்று சேர்க்கிற அன்றே பேசி முடியுங்கள். கிளினிக் கொப்பி யார் கையில் இருக்கும் என்பதையும்.

எங்கள் ஆட்களுக்கு இன்னும் ஒன்று உண்டு. யுத்தத்தில் பட்ட செல் (எறிகணை) துண்டோடு வாழ்கிறவர்கள் இங்கே கனபேர். அதை இல்லத்துக்கு எழுதிக் கொடுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க முன் டாக்டருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும். வெடிச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழே போகிறவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். தீபாவளி இரவில் அவரோடு யாராவது இருக்க வேண்டும்.

இத்தனையையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டுதான் நான் போனேன். முதல் இல்லத்துக்குத் தனியாகவே போய், எல்லாம் சரி என்று வந்து சொல்லிவிட்டேன். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். போய் இருந்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இரவில கதவை வெளியால பூட்டுவியளோ, பிள்ளை?"

என் கொப்பியில் அந்தக் கேள்வி இல்லை. செல்லடிக்குள் பங்கருக்கும் வீட்டுக்குமாக ஓடித் திரிந்த ஒருவருக்குப் பூட்டிய கதவு எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவேயில்லை. பொறுப்பாளர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "அவவுக்கு அதெல்லாம் பழகிடும்" என்றார். நாங்கள் எழும்பி வந்துவிட்டோம்.

இரண்டாவது இடம் ஓட்டுக் கூரைக் கட்டடம், சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. பெரியம்மா அங்கேயும் அதையே கேட்டார். அங்கிருந்த பெண் அவருடைய கையைப் பிடித்து மெல்ல அறைக் கதவுக்குக் கூட்டிப்போனார். கொண்டியை அவர் கையில் கொடுத்து, "நீங்களே போட்டுப் பாருங்கோ அம்மா, உள்ளுக்குத்தான் இருக்கு" என்றார். பெரியம்மா இரண்டு தரம் போட்டு, இரண்டு தரம் திறந்தார். வெளிக் கேற்றை மட்டும் பூட்டுவோம், நினைவு தடுமாறுகிறவர்கள் றோட்டுக்குப் போய்விடுவார்கள், திறப்பு இரவில் நிற்கிற பிள்ளையின் இடுப்பில் இருக்கும் என்று அந்தப் பெண் விளக்கமாகச் சொன்னார். என்னிடமல்ல, அவரிடம்.

"ஒரு கிழமை இருந்து பாக்கிறன்" என்றார் பெரியம்மா. ஒரு கிழமைக்குத்தான் சீலை எடுத்து வைத்தோம். எட்டாம் நாள் நான் போனபோது, மிச்சச் சீலையையும் சாமிப் படத்தையும் கொண்டுவரச் சொன்னார்.