பெட்டியில் இருக்கும் 525

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளை எந்நேரமும் வானத்தை அண்ணாந்து பார்க்கிறான், ஒரு டெலஸ்கோப் வாங்கிக் கொடுப்போம் என்று கடைக்குப் போகிறீர்கள். அட்டைப் பெட்டியின் மேல் சனிக் கோளின் வண்ணப் படம். பக்கத்தில் கொட்டை எழுத்தில் '525 மடங்கு'. அந்த 525 எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம்.

குழாயின் ஓரத்தில் பொடி எழுத்தில் டி 60, எஃப் 700 என்று இருக்கும். முன் லென்ஸின் விட்டம் 60 மில்லிமீட்டர், குவியத்தூரம் 700 மில்லிமீட்டர் என்று பொருள். கண்ணை வைத்துப் பார்க்கும் ஐபீஸ் இரண்டு மூன்று கொடுத்திருப்பார்கள். 20, 12, 4 என்று எண் பொறித்திருக்கும். 700ஐ அந்த எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம். 20 போட்டால் 35 மடங்கு, 4 போட்டால் 175. நடுவில் 3 மடங்கு பார்லோ லென்ஸைச் செருகினால் 525. கணக்கு சரிதான். ஆனால் 60 மில்லிமீட்டர் லென்ஸ் பிரித்துக் காட்டும் நுணுக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. பயன்படும் உருப்பெருக்கம் மில்லிமீட்டரில் விட்டத்தைப் போல் 2 மடங்கு, அதாவது 120. அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகும், மங்கும்; புதிதாக ஒன்றும் தெரியாது. 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் நிலவுகளைக் கண்டது ஏறக்குறைய 20 மடங்கில்தான்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது விட்டம். லென்ஸ் வைத்ததென்றால் 70 மில்லிமீட்டருக்குக் குறையாமல், லென்ஸுக்குப் பதில் ஒளியைத் திருப்பிக் குவிக்கும் கண்ணாடி வைத்ததென்றால் 114 அல்லது 130 இருந்தால் பல வருடம் பயன்படும். கண்ணாடி வகையில் ஒரு சூட்சுமம் உண்டு: குவியத்தூரம் 1000 என்று போட்டிருக்கும், குழாயோ அரை மீட்டர்கூட இருக்காது. உள்ளே கூடுதலாக ஒரு லென்ஸை ஒளித்துவைத்து நீளத்தைச் சமாளித்திருப்பார்கள். அதில் கண்ணாடிகளை நேர்படுத்துவது பெரியவர்களுக்கே பெரும்பாடு. அந்தக் குட்டைக் குழாய் வகையை வாங்காமல் விட்டுவிடுங்கள்.

லென்ஸைவிட அதிகம் ஏமாற்றுவது ஸ்டாண்டு. முக்காலியில் பொருத்திய குழாயை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஆட்டம் 3 நொடிக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால், பிள்ளை ஃபோகஸ் திருகைத் தொடும் போதெல்லாம் நிலா துள்ளும்; நாலு நாளில் டெலஸ்கோப் பரண் ஏறிவிடும். முக்காலியின் கால்களை முழுக்க நீட்டாமல் வைத்து, நடுவில் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் ஓரளவு சரியாகும். மேசைமேல் வைத்துச் சுழற்றும் டாப்சோனியன் வகையில் இந்தத் தொல்லை குறைவு.

பெட்டிக்குள் 'சூரியன்' என்று எழுதிய சின்னக் கறுப்புக் கண்ணாடி ஐபீஸில் மாட்ட இருந்தால், அன்றைக்கே குப்பையில் போடுங்கள். சூரிய வெப்பம் முழுவதும் குவியும் இடத்தில் அது இருக்கிறது. சூட்டில் விரிசல் விட்டால் கண் போய்விடும். பகலில் டெலஸ்கோப்பைப் பிள்ளையின் கையில் தனியாக விடவே கூடாது.

முதல் நாள் மாலை வெளிச்சம் இருக்கும்போதே, சூரியன் இல்லாத திசையில், தூரத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்றைப் பெரிய குழாயின் நடுவில் கொண்டுவந்து, மேலே இருக்கும், குறி பார்க்க உதவும் சின்னக் குழாயையும் அதே இடத்துக்குத் திருகிச் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் இரவில் நிலாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்பார்கள். தொட்டி தலைகீழாகத் தெரிந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம், அப்படித்தான் தெரியும். இரவில் எப்போதும் 20 எண் ஐபீஸில் தொடங்குங்கள். பௌர்ணமியில் நிலா வெள்ளைத் தட்டுப் போல இருக்கும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிப் பார்த்தால் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீண்டு விழும்.

பெட்டியில் பார்த்த வண்ணத்தைத் தேடும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: சனி ஒரு மிளகளவுதான் தெரியும், நெபுலா எனும் விண்வெளி வாயு மேகம் சாம்பல் புகையாகத் தெரியும்.

இப்போது மைக்ராஸ்கோப். இங்கே பெட்டி எண் 1200. பிளாஸ்டிக் லென்ஸ் வைத்த பொம்மையில் அது வெறும் மங்கல்தான். பத்து வயதுக்குக் கீழே என்றால் 20 முதல் 40 மடங்கு காட்டும், இரு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பே என் தேர்வு. ஸ்லைடு எனும் கண்ணாடிப் பட்டை தேவையில்லை, செத்த எறும்பு, உப்புக்கல், செம்பருத்தியின் மகரந்தம் என எதையும் அப்படியே அடியில் வைக்கலாம். கையில் காசு குறைவென்றால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விஞ்ஞானி மனு பிரகாஷின் குழுவினர் உருவாக்கிய, காகிதத்தில் மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. 140 மடங்கு காட்டும்.

செல்லைப் பார்க்கும் வயது வந்ததும் 4, 10, 40 என்று மூன்று கண்ணாடி லென்ஸ்களும் கீழே விளக்கும் உள்ளதை வாங்குங்கள். 10 மடங்கு ஐபீஸோடு 400 வரை கிடைக்கும். வீட்டுக்கு அது போதும். வெங்காயச் செதிலின் உட்பக்கத்து மெல்லிய சவ்வை உரித்து, ஸ்லைடில் ஒரு சொட்டு நீரில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, கவர் ஸ்லிப் எனும் மெல்லிய மூடு சில்லைச் சாய்த்துப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். தொப்பென்று போட்டால் காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும். கறுத்த விளிம்போடு அழகான வட்டமாகத் தெரிவது அந்தக் குமிழ்தான். பிள்ளைகள் அதைத்தான் செல் என்று வரைந்து வைப்பார்கள். செல்கள் செங்கல் அடுக்கியதுபோல நீளமாக இருக்கும்.

4 லென்ஸில் தொடங்கி, படம் தெளிந்த பிறகே 10, 40. நேராக 40க்குப் போய்ப் பெரிய திருகைத் திருகினால் ஸ்லைடு நொறுங்கும், லென்ஸில் கீறல் விழும்.

இரண்டில் எது முதலில் என்று கேட்டால், நகரத்தில், அதிலும் கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு மைக்ராஸ்கோப் என்பேன். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிக்கிடந்தாலும் அதற்கு வேலை உண்டு. எதை வாங்கினாலும், ஈரக்காற்றில் லென்ஸில் சிலந்திவலை போலப் பூஞ்சை படரும். பனி படிந்த லென்ஸை உடனே மூடி போட்டு மூடாமல், காய்ந்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தூசியைச் சட்டை நுனியால் துடைக்காமல், ரப்பர் பல்பால் ஊதிவிட்டால் போதும்.

நன்றி, வணக்கம்.