மண்டையோட்டை விடுங்கள், பொத்தானைப் பாருங்கள்

அவையோருக்கு வணக்கம்.

இறந்துபோன ஒரு சிப்பாயின் சட்டையில் எத்தனை பொத்தான்கள் என்று எண்ணுவதால் யாருக்கு என்ன லாபம்? பழைய படங்களில் உள்ள ஜெர்மன் சிப்பாய்களைச் சீருடையை வைத்து அடையாளம் காண்பது என்ற இன்றைய தலைப்பைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர் இப்படித்தான் கேட்டார். நியாயமான கேள்வி. ஜெர்மனியில் நடந்த ஒன்றைப் பதிலாகச் சொல்லிவிட்டுப் படங்களுக்குப் போகிறேன்.

1995இல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் ஒரு கண்காட்சியைத் திறந்தது. இரண்டாம் உலகப்போரில் யூதர்களையும் போர்க்கைதிகளையும் கிராமத்து மக்களையும் கொன்றதில் நாஜிக் கட்சியின் படையான எஸ்.எஸ். மட்டுமல்ல, வேர்மாக்ட் என்ற வழக்கமான ராணுவத்துக்கும் பெரும்பங்கு உண்டு என்று ஆவணங்களாலும் புகைப்படங்களாலும் காட்டுவது அதன் நோக்கம். கண்காட்சி ஊர் ஊராகப் போனது. போன இடமெல்லாம் கூட்டம் அலைமோதியது; எதிர்ப்பு ஊர்வலங்களும் கிளம்பின. 'எங்கள் அப்பா வேறு, எஸ்.எஸ். வேறு' என்று அரை நூற்றாண்டாகச் சொல்லி வந்த குடும்பங்கள் கொதித்தன.

1999இல் இரண்டு ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். போலந்தில் பிறந்த போக்டான் முசியாவ், சில படங்களில் கிடக்கும் சடலங்கள் சோவியத் ரகசியப் போலீஸ் பின்வாங்குவதற்குமுன் சிறைகளில் கொன்றுபோட்டவர்களுடையவை என்றார். ஹங்கேரியரான கிறிஸ்தியான் உங்வாரி, சில படங்களில் இருப்பவர்கள் ஜெர்மானியரே அல்லர், ஹங்கேரிய, ஃபின்லாந்துச் சிப்பாய்கள் என்றார். கண்காட்சியை நிறுத்தி, வரலாற்றாசிரியர் குழுவிடம் ஒப்படைத்தார்கள். 2000 நவம்பரில் குழு அறிக்கை தந்தது. மொத்தம் 1,433 படங்களில், இடம்பெற்றிருக்கக் கூடாதவை இருபதுக்கும் குறைவு. மோசடி எதுவும் இல்லை, கவனக்குறைவு உண்டு, அடிப்படை வாதம் சரி. 2001இல் கண்காட்சி புதிய வடிவில் மீண்டும் திறந்தது. ஆனால் இடைப்பட்ட காலம் முழுவதும் 'எல்லாமே புளுகு' என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சில படங்களே போதுமாக இருந்தன.

ஒரு படத்தின் கீழே 'இவர் இன்னார்' என்று எழுதுவது கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வதைப் போன்றது. ஒரு சொல் பிசகினால் போதும், எதிர்த்தரப்பு வக்கீல் மொத்தச் சாட்சியத்தையும் தள்ளச் சொல்வார். நண்பருக்கு என் பதில் இதுதான்.

ஹங்கேரியச் சிப்பாய்க்கும் ஜெர்மானியச் சிப்பாய்க்கும் ஏன் குழப்பம் வருகிறது என்று கேட்பீர்கள். ஹங்கேரியர்களின் தலைக்கவசம் 1935ஆம் ஆண்டு ஜெர்மன் கவசத்தைப் பார்த்துச் செய்தது. முன்னாலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பின்புறத்தில் மட்டும் சதுரமான ஒரு கம்பி வளையம் இருக்கும். படமெடுத்தவர் முன்னால் நின்றிருந்தால் அந்த வளையம் எப்படித் தெரியும்? ஜெர்மன் கவசத்தை அணிந்த சீனச் சிப்பாய்களை 1937 ஷாங்காய்ப் படங்களில் பார்க்கலாம். சியாங் கை ஷேக்கின் படைக்கு அதை ஜெர்மனியே விற்றிருந்தது. ஆகவே முதல் பாடம்: கவசத்தின் வடிவத்தை மட்டும் வைத்து ஒருவரின் நாட்டைச் சொல்லாதீர்கள்.

இப்போது திரையைப் பாருங்கள். இருபது வயது இளைஞன். இடுப்பளவுக்கு வரும் கறுப்புச் சட்டை, அகலமான மார்பு மடிப்பு. காலரின் இரு பக்கமும் உலோக மண்டையோடு. இது யார் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் எஸ்.எஸ். என்பார்கள். பழைய படம் விற்பவரும் அப்படித்தான் எழுதி வைத்திருப்பார், விலை மூன்று மடங்காகும் அல்லவா! ஆனால் இவன் ராணுவத்தின் டாங்கிப் படைக்காரன். அந்தக் கறுப்புச் சட்டை 1934இல் வந்தது. டாங்கிக்குள் எண்ணெயும் கரியும் படும், கறுப்பில் கறை தெரியாது. மண்டையோடோ பிரஷ்ய அரசரின் ஹுஸார் குதிரைப்படை பல தலைமுறைகளாகத் தொப்பியில் வைத்திருந்த சின்னம். டாங்கிக்காரர்கள் தங்களைக் குதிரைப்படையின் வாரிசுகளாக நினைத்துக்கொண்டார்கள். எஸ்.எஸ்.காரர்களும் தொப்பியில் மண்டையோடு வைத்தார்கள் என்பது உண்மை. அதனால்தான் மண்டையோட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்கிறேன். பார்க்கிறவர் கண்ணை முதலில் இழுப்பது எதுவோ அதைக் கடைசியில் பாருங்கள்.

அப்படியானால் முதலில் எதைப் பார்ப்பது? கழுகை. இரண்டாம் உலகப்போர்ப் படமென்றால் கழுகு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுங்கள். அணிந்திருப்பவரின் வலது மார்பில் இருந்தால் ராணுவம், விமானப்படை, கடற்படை ஆகியவற்றில் ஒன்று. இடது மேற்கையில் இருந்தால் எஸ்.எஸ். அல்லது போலீஸ். ராணுவக் கழுகு இரு சிறகையும் நேராக விரித்து விறைப்பாக நிற்கும். விமானப்படைக் கழுகு பறந்துகொண்டிருக்கும். படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் இந்த இரண்டு உருவங்களும் வேறுபட்டுத் தெரியும். பிறகு காலருக்கு வாருங்கள். இரட்டைக் கோடு போன்ற பின்னல் இருந்தால் ராணுவம். அணிந்தவரின் வலது காலரில் மின்னல் போன்ற இரட்டை எழுத்து இருந்தால் எஸ்.எஸ். கழுகும் காலரும் ஒரே பதிலைச் சொன்னால் நிம்மதி. வேறுவேறு பதில் சொன்னால் அவசரப்படாமல் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய படம் அது.

கையில் ஸ்வஸ்திகா பட்டை கட்டியவரைப் பார்த்ததும் 'நாஜி சிப்பாய்' என்று எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. வேர்மாக்ட் சிப்பாயின் சீருடையில் அந்தக் கைப்பட்டை கிடையாது. இடது கையில் பட்டை, அதற்கு மேலே மண்வெட்டிச் சின்னம், தலையில் நடுவில் பள்ளம் விழுந்த தொப்பி என்றால், அவர் ராணுவத்துக்குப் போகுமுன் கட்டாய உழைப்புச் சேவையில் சாலை வெட்டிக்கொண்டிருந்த பையன். ரயில்வே ஊழியர், தபால்காரர், தீயணைப்புக்காரர் என்று சீருடை போடாத ஆளே அந்த நாட்டில் அப்போது குறைவு. அவர்களில் பாதிப்பேரை நாம் இன்று 'அதிகாரி' ஆக்கிவிடுகிறோம்.

போலீஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர்கள் சட்டை பச்சை, காலரும் கைமடிப்பும் பழுப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தில் அவை இரண்டும் அடர்த்தியாகத் தெரியும், கைமடிப்பில் இரண்டு பொத்தான்கள். இந்த இரண்டு பொத்தான்களைக் கவனிக்காமல் விட்டால், போலந்திலும் உக்ரைனிலும் மக்களைக் குழியோரம் நிறுத்திச் சுட்ட போலீஸ் பட்டாலியன்களின் படங்களுக்குக் கீழே 'ஜெர்மன் ராணுவத்தினர்' என்று எழுதிவிடுவோம். பெயரை மாற்றிப்போட்டால் குற்றம் ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்குப் போய்விடும். ஆனால் ஒன்று: ஒருவர் அணிந்திருப்பது ராணுவச் சீருடைதான், எஸ்.எஸ். சீருடை இல்லை என்று கண்டுபிடித்ததும் 'அப்பாடா, நல்லவர்' என்று பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சீருடை அப்படியொரு நற்சான்றிதழைத் தராது. ஹாம்பர்க் கண்காட்சி காட்டியதே அதைத்தான்.

முதல் உலகப்போருக்கு வருவோம். இங்கே கண்ணை ஏமாற்றுவது சட்டையைவிட ஃபிலிம்தான். அந்தக் காலத்தில் பெரும்பாலும் புழங்கிய ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். காலாட்படைச் சிப்பாயின் தொப்பியைச் சுற்றிய சிவப்புப் பட்டை படத்தில் கன்னங்கரேலென்று இருக்கும். தொப்பியின் முன்னால் இரண்டு வட்டச் சின்னங்கள் உண்டு: மேலே பேரரசு, கீழே அவரவர் மாநிலம். பிரஷ்யாவுக்குக் கறுப்பு வெள்ளை என்பதால் கீழ்வட்டம் தெளிவாக நிற்கும். பவேரியாவின் வெள்ளையும் நீலமும் ஃபிலிமில் கலந்து, வட்டம் முழுக்க வெளிறிப்போகும். வெளிறிய வட்டத்தைப் பார்த்து 'சின்னம் அழிந்துவிட்டது' என்று சொல்லிவிடாதீர்கள், அந்த வெளிறலே ஒரு தடயம்.

இன்னும் ஒரு பொறி வைத்திருக்கிறது அந்த ஃபிலிம். இரும்புச் சிலுவை இரண்டாம் வகுப்பு வாங்கியவர், பதக்கத்தின் நாடாவை மட்டும் சட்டையின் பொத்தான் துளையில் செருகிக்கொள்வார். 1914ஆம் ஆண்டு நாடா கறுப்பு, ஓரங்களில் வெள்ளைக் கோடு. 1939ஆம் ஆண்டு நாடாவில் நடுவே சிவப்பு. சிவப்பைக் கறுப்பாக்கும் ஃபிலிமில் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நாடாவை வைத்து எந்தப் போர் என்று சொல்லிவிடலாம் என்று நம்பினால் வழுக்கிவிழ வேண்டியதுதான். சிலருடைய நாடாவின்மேல் ஒரு சிறிய கழுகும் 1939 என்ற எண்ணும் குத்தியிருக்கும். அவர் இரண்டு போரிலும் அந்தப் பதக்கத்தைப் பெற்றவர்.

தேதி சொல்வதில் சீருடைக்கு ஒரு வரம்பு உண்டு. கூர்முனை வைத்த தோல் கவசத்தைத் துணியுறையால் மூடிக்கொண்டு 1914இல் போருக்குப் போனார்கள். 1916இல் வெர்டன் போர்முனையில் எஃகுக் கவசம் வந்தது. எஃகுக் கவசம் தெரிந்தால் படம் 1916க்கு முந்தியதல்ல என்று துணிந்து சொல்லலாம். தோல் கவசம் தெரிந்தால் 1916க்குப் பிந்தியதல்ல என்று சொல்ல முடியாது. பழைய சரக்கைத் தூக்கி எறிகிற ராணுவம் உலகில் இல்லை. இரண்டாம் போரிலும் அதே கதைதான். 1936ஆம் ஆண்டுச் சட்டைக்கு அடர்பச்சைக் காலர், மடிப்பு வைத்த பைகள். 1940இல் காலரும் சாம்பல் நிறமானது. 1943இல் பையின் மடிப்பும் வளைந்த மூடியும் போய் நேர்க்கோடாயிற்று. 1944இல் துணிப் பஞ்சம் முற்றி, சட்டையே இடுப்போடு நின்றுவிட்டது. ஆனால் பழைய அடர்பச்சைக் காலர்ச் சட்டையை வைத்திருந்தவர்கள் அதைப் பெருமையாக நினைத்து 1945 வரை போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஆக, சீருடை தருவது 'இதற்கு முன்னால் அல்ல' என்ற தேதி மட்டுமே.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. முதல் வகுப்பு இரும்புச் சிலுவையை இடது மார்பில் நேரடியாகக் குத்துவார்கள். அது வலது மார்பில் இருந்து, கழுகு இடது மார்பில் இருந்தால், நெகடிவைத் திருப்பிப்போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். அச்சுப் புத்தகங்களிலேயே இப்படி வந்த படங்கள் உண்டு. இதைப் பார்க்காமல் இடது கை, வலது காலர் என்றெல்லாம் ஆராய்ந்தால் ஆராய்ச்சி முழுவதும் தலைகீழாகும்.

நம் ஊரோடு நேரடியாகத் தொடர்புள்ள இரண்டு படங்களைக் காட்டிவிடுகிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை அறியாதவர் இங்கே இருக்க முடியாது. அதன் மாலுமி என்று சொல்லி விற்கப்படும் படங்களில் தொப்பி நாடாவைப் படியுங்கள். பேரரசர் காலத்து நாடாவில் 'மாட்சிமை பொருந்தியவரின் கப்பல்' என்பதைக் குறிக்கும் எஸ்.எம்.எஸ். என்ற முன்னெழுத்தோடு கப்பல் பெயர் நேரான லத்தீன் எழுத்தில் இருக்கும். 'க்ரொய்ட்ஸர் எம்டன்' (எம்டன் என்ற க்ரூஸர் கப்பல்) என்று கோணல்மாணலான பழைய ஜெர்மன் எழுத்தில் இருந்தால், அது 1925இல் நீரில் இறங்கிய அதே பெயருடைய வேறொரு கப்பல். அந்த மாலுமி சென்னைத் தாக்குதலின்போது சிறுவனாக இருந்திருப்பார், அல்லது பிறந்தே இருக்கமாட்டார்.

இன்னொரு படத்தில் தலைப்பாகையும் தாடியுமாக ஒரு சீக்கியர், வலது மார்பில் ஜெர்மன் ராணுவக் கழுகு. வலது மேற்கையில் காவி, வெள்ளை, பச்சைக் கேடயம், பாயும் புலி, மேலே 'சுதந்திர இந்தியா' என்று ஜெர்மன் மொழியில். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகளைக் கொண்டு சுபாஷ் சந்திர போஸ் உருவாக்கிய படை, ஜெர்மன் ராணுவத்தின் 950ஆம் காலாட்படை ரெஜிமென்ட். 1944 பிப்ரவரியில் பிரான்சின் அட்லாண்டிக் கரையில் ஜெர்மன் தளபதி ரோம்மெல் இவர்களைப் பார்வையிட்ட படங்களையும் பலர் எஸ்.எஸ். என்று குறிப்பிடுகிறார்கள். எஸ்.எஸ். அமைப்புக்கு அவர்கள் மாற்றப்பட்டது அதே ஆண்டு ஆகஸ்டில். படத்தில் கழுகு மார்பில் இருக்கிறது, காலரில் ராணுவப் பின்னல் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கடைசியாக, படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்க்கச் சொல்வேன். முதல் போரின் ஸ்டூடியோ படங்களில் பெரும்பாலானவை தபால் அட்டைகளாக அச்சானவை; பின்னால் படைப்பிரிவின் முத்திரை இருக்கலாம். இரண்டாம் போர் அட்டையில் ஐந்து இலக்கக் களத்தபால் எண் இருந்தால், எந்தப் பிரிவு என்று அதைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். பின்பக்கத்தை ஸ்கேன் செய்யாமல் முகத்தை மட்டும் அனுப்பி 'இவர் யார்?' என்று கேட்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

பின்பக்கம் வெறுமையாக இருந்தால் மறுபடி பொத்தானுக்கும் பெல்ட்டுக்கும் வர வேண்டும். பிரஷ்யப் பொத்தானில் கிரீடம் இருக்கும், பெல்ட் பூட்டில் 'கடவுள் நம்மோடு' என்ற வாசகம். பவேரியப் பொத்தானில் சிங்கம், பெல்ட்டில் 'விசுவாசத்தில் உறுதி' என்ற பொருளில் வேறொரு வாசகம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் இதைப் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரஷ்ய ராணுவத்தின் ஆவணங்கள் 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம்மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்துபோயின. பவேரியாவின் படைப் பதிவேடுகள் மியூனிக் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன: பெயர், பிறந்த ஊர், தொழில், எந்தப் போரில் எங்கே காயம்பட்டார் என்பதுவரை. பொத்தானில் தெரிவது சிங்கமானால், ரெஜிமென்ட் எண்ணையும் தோள்பட்டையில் படிக்க முடிந்தால், மியூனிக்குக் கடிதம் எழுதுங்கள்.