கடைக்கு வந்து கையெழுத்து வாங்கினால் 14 நாள் உண்டா?

வணக்கம். போன வாரம் நண்பர் ஒருவர் பதற்றத்தோடு போன் செய்தார். பாரிஸில் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறார். அவரும் ஒரு ஊழியரும்தான். வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரமாகப் பார்த்து, கையில் டேப்லெட்டோடு ஒரு விற்பனையாளர் வந்திருக்கிறார். இணையதளம் செய்து தருகிறோம், மாதாமாதம் கட்டினால் போதும் என்று பேசிப் பேசியே நாலு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். மறுநாள் வேண்டாம் என்று சொன்னால், “நீங்கள் வியாபாரி, நுகர்வோர் இல்லை. 14 நாள் உங்களுக்குக் கிடையாது” என்றார்களாம். இப்படித் தேடி வந்து விற்றால், நுகர்வோர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தைக் கைவிடலாம். அந்த உரிமையைத்தான் சொல்கிறார்கள்.

இப்படி அடித்துச் சொன்னால் யாருமே பயந்துவிடுவார்கள். ஆனால் பிரான்ஸில் அது எல்லா வியாபாரிக்கும் பொருந்தாது.

வாசல் தேடி வரும் விற்பனைக்கு ஐரோப்பா 1985-இல் ஒரு நெறிமுறை போட்டது. அது வியாபாரியையும் காக்குமா என்ற கேள்வி டி பின்டோ வழக்கில் எழுந்தது. காக்காது, ஆனால் ஒரு நாடு விரும்பினால் தன் சட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று 1991-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. பிரான்ஸ் 2014-இல் அமோன் சட்டம் என்ற நுகர்வோர் சட்டத்தில் சின்ன வியாபாரிகளுக்குத் தெளிவாகவே இடம் கொடுத்தது. இப்போது அது நுகர்வோர் சட்டத்தொகுப்பில் எல் 221-3.

இதற்கு மூன்று நிபந்தனை. ஒப்பந்தம் விற்பவரின் இடத்துக்கு வெளியே, நேருக்கு நேர் நடந்திருக்க வேண்டும். உங்கள் கடை என்றால் சரி. போனில் முடித்தது இதில் வராது. ஊழியர்கள் ஐந்து பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அப்புறம், வாங்கிய பொருள் உங்கள் முக்கியத் தொழிலுக்குள் அடங்கக் கூடாது.

சண்டையெல்லாம் இந்தக் கடைசி விஷயத்தில்தான். “இணையதளம் உங்கள் வியாபாரத்துக்குத்தானே?” என்று மடக்குவார்கள். வியாபாரத்துக்குப் பயன்படுவது வேறு, அதுவே உங்கள் தொழிலாக இருப்பது வேறு. ஒரு கட்டடக் கலைஞர் இணையதளத்துக்குப் போட்ட ஒப்பந்தத்தில், 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமான கூர் த கசாசியோன் அவர் பக்கம் நின்றது. தொழிலை விளம்பரப்படுத்தும் தளம் அவருடைய முக்கியத் தொழிலுக்குள் வராது என்றது. தையல்காரருக்கும் அப்படித்தானே? ஆனால் அவர் தையல் மெஷின் வாங்கியிருந்தால் இந்த வாதம் நிற்காது.

இன்னொன்று. 14 நாள் உரிமையைப் பற்றி விற்பவர் ஒப்பந்தத்தில் சொல்லவே இல்லையென்றால், காலம் இன்னும் 12 மாதம் நீளும். வியாபாரி என்று நினைத்து அதை எழுதாமலே விடுகிறவர்கள் உண்டு, அது அவர்களுக்கே வினையாகும். ஆகவே 14 நாள் போய்விட்டதே என்று உடனே கைகழுவாதீர்கள்.

தளத்துக்குப் பணம் போட்டுவிட்டு மாதத் தவணையை உங்களிடம் வாங்கும் லீசிங் கம்பெனி நடுவில் இருந்தால் கொஞ்சம் சிக்கல். எங்களுடையது நிதிச் சேவை, இந்தச் சட்டம் தொடாது என்பார்கள். அந்த இடத்தில் நானே வக்கீலிடம்தான் போவேன்.

நண்பர் ஆறாம் நாளே ஒப்பந்தம் வேண்டாம் என்று ரெக்கொமாந்தே (பதிவுத் தபால்) அனுப்பிவிட்டார், தளம் செய்யும் கம்பெனிக்கும் லீசிங் கம்பெனிக்கும் தனித்தனியாக. பதில் வந்ததும் சொல்கிறேன்.