சுவரை வைத்துத்தான் சித்திரம்

(காரைக்குடியில் கலைக்கூடம் ஒன்றின் ஆண்டுத் தேர்வுக் கண்காட்சித் தொடக்க விழாவில் ஆற்றிய உரை)

பேரன்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, சிவகங்கையிலிருந்து வந்து சிறப்பித்திருக்கும் மாவட்ட நிர்வாகப் பெருமக்களே, இந்த ஆண்டும் பரிசுத் தொகை முழுவதையும் ஏற்றுக்கொண்டு, தம் பெயரை மேடையில் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்ட பெரியவர் அவர்களே, சென்னையிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் வந்து இரண்டு நாள் முழுக்க ஒவ்வொரு படைப்பின் முன்னும் நின்று பார்த்த நடுவர்களே, பனையோலைக் கூடையான கொட்டான் பின்னும் கையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, ஓவிய மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். மண்டபத்தின் மின்விளக்குகளை நேற்று நள்ளிரவு வரை திருத்திக் கொடுத்த மின்பணியாளர் தம்பிகளை எந்த அழைப்பிதழிலும் அச்சிடுவதில்லை. அவர்களுக்கும் இந்த மேடையிலிருந்து நன்றி சொல்கிறேன்.

மூன்று செய்திகளைப் பேச வந்திருக்கிறேன். தேர்வு நடந்த முறை ஒன்று, ஓவியத்தோடு கைவினையும் இடம்பெற்றது இரண்டு, பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் இல்லாத குறை மூன்று.

தேர்வு முறையை முதலில் சொல்கிறேன். வந்து சேர்ந்த படைப்புகள் ஒவ்வொன்றிலும் பெயரை மறைத்து, எண் மட்டும் ஒட்டி நடுவர்கள் முன் வைத்தார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்த பிறகே படத்தை நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அந்த வழக்கத்துக்கு இடம் கொடுக்காத ஏற்பாடு இது. தேர்வாகாத படைப்புகளுக்கும் ஏன் தேர்வாகவில்லை என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு வரி ஓர் இளைஞனுக்குப் பரிசைவிடப் பயன்படும் என்று நான் நம்புகிறேன்.

வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் இந்த ஆண்டு முதன்முறையாகப் போட்டியில் சேர்ந்திருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அறை அறையாக வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கியபின் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். தீயில் சுடாத கல் அது. வண்ணத்தை ஊற்றும் கை நடுங்கினால் கோடு கலைந்துவிடும். இதைக் கலை என்று ஏற்க நாம் இத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. கைத்தொழிலும் கலையும் ஒன்றாக வளர்ந்த மண் இது: குமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை வடிவமைத்த கணபதி ஸ்தபதி, இதோ பக்கத்துப் பிள்ளையார்பட்டியில் பிறந்தவர்.

ஆனால் இந்த மண்டபத்துச் சுவரில் ஓர் ஆணி அடிக்க நமக்கு அனுமதி இல்லை. படங்களெல்லாம் துணித் தட்டிகளில் தொங்குகின்றன. அடுத்த முகூர்த்த நாளுக்கு முன் எல்லாவற்றையும் இறக்கிக் கட்டிவிட வேண்டும். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னது நமக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது.

என் சிறுவயதில் நடந்த ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். எங்கள் வீட்டின் நடுமுற்றமான வளவைச் சுற்றி, தூண்களுக்கு மேலே, சுவரில் படங்கள் எழுதியிருந்தார்கள். கிருஷ்ணன், தேர், கப்பல், ஒரு மூலையில் இரண்டு கிளிகள். என் அப்பத்தா சாயங்காலம் பட்டாலையில் அமர்ந்து, ஒரு நாளைக்கு ஒரு படமாக எங்களுக்குக் கதை சொல்வார்கள். கப்பல் படம் வந்தால் பர்மாவுக்குப் போன ஐயாவின் கதை வரும், அன்றைக்குச் சோறு உண்ண நேரமாகும். பிறகு ஒரு கல்யாணம் வந்தது. வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்து, படங்களின் மேல் வெள்ளை அடிக்கச் சொல்லிவிட்டார்கள். அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. வெள்ளையடிப்பவர் கிளிகள் இருந்த மூலைக்கு ஏணியைக் கொண்டுபோனபோது மட்டும், போய் ஏணியின் காலடியில் உட்கார்ந்துகொண்டார்கள். சாப்பிடக் கூப்பிட்டார்கள், எழுந்திருக்கவில்லை. அந்த ஆள் கும்பிட்டுவிட்டு ஏணியை எடுத்துப் போய்விட்டார். கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் வெள்ளைச் சுவரில் தனியாக நின்ற அந்தக் கிளிகளைத்தான் பார்த்தார்கள். அப்பத்தா காலமான பின் பங்காளிகள் பலராகி, வீடு பூட்டிக் கிடந்து, முடிவில் தேக்குத் தூண்களுக்காக விலைபோனது. தூண்களுக்கு விலை இருந்தது, நிலைக்கதவுக்கு விலை இருந்தது. சுவருக்கு யாரும் விலை சொல்லவில்லை, இடித்துவிட்டார்கள்.

சுவரை வைத்துத்தான் சித்திரம். முட்டையின் வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்து, கண்ணாடிபோல் மினுக்கிய சுவர்கள் இன்னும் எத்தனையோ பூட்டிய வீடுகளுக்குள் இருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஊர் ஏறியதால் எந்த வீட்டு ஓடும் ஒழுகாமல் நின்றுவிடவில்லை.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஒன்றை, ஒரே ஒரு வீட்டை, அதன் பங்காளிகள் மனமொத்து நீண்டகாலக் குத்தகைக்கு இந்தக் கலைக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டும். உரிமை அவர்களிடமே இருக்கட்டும், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வீடு அவர்களுடையதாகவே இருக்கட்டும். மற்ற நாள்களில் முகப்பிலும் வளவிலும் ஓவியங்கள் இருக்கும், ஓடு மாற்றும் செலவைக் கூடம் ஏற்கும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதலிய கலைஞர்கள் 1966-இல் சென்னை அருகே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, பாட்டிக் துணிகள் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். முதலில் இடத்தைத் தேடிக்கொண்டார்கள். இங்கே மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வர வேண்டும் என்று அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டிய ஊர் இது. நான் கேட்பது ஒரு வீட்டின் சாவியைத்தான்.

ஓவிய ஆசிரியர்களைப் பற்றிப் பேச நேரம் இல்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வரவேற்பு மேசையில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். வீடு தர மனமுள்ளவர்கள், அல்லது அப்படிப்பட்ட பங்காளிகளை அறிந்தவர்கள், ஊரின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் அதில் எழுதிவிட்டுச் செல்லுங்கள். அடுத்த வாரமே நாங்கள் வந்து பேசுகிறோம். இப்போது கண்காட்சியைத் திறந்து வைக்குமாறு விழாத் தலைவர் அவர்களைப் பணிவன்புடன் அழைக்கிறேன்.