சிவப்புத் தொப்பிச் சிறுமி தப்பித்தது எப்படி? வேட்டைக்காரர் வராத கதை

[காட்சி: இருண்ட காட்டுப் பாதை, தொலைவில் ஒரு குடிசை]

வணக்கம். பாட்டியின் வேடத்தில் படுக்கையில் கிடக்கும் ஓநாயிடம் ஒரு சிறுமி, "பாட்டி, எனக்கு வெளிக்குப் போக வேண்டும்" என்கிறாள். "படுக்கையிலேயே போய்விடு" என்கிறது ஓநாய். அவள் பிடிவாதமாக மறுக்கவே, அவளுடைய காலில் ஒரு கம்பளி நூலைக் கட்டி வெளியே அனுப்புகிறது. முற்றத்துக்கு வந்த சிறுமி நூலை அவிழ்த்து, அங்கே நின்ற பிளம் மரத்தில் கட்டிவிட்டு, தன் வீட்டை நோக்கி ஓட்டம் பிடிக்கிறாள். பள்ளிப் புத்தகத்தில் 'லிட்டில் ரெட் ரைடிங் ஹூட்' என்று நாம் படித்த கதைதான் இது. ஆனால் அந்தப் புத்தகத்தில் இந்தக் காட்சி இருந்திருக்காது. இதே காட்சி சீனாவில், ஓநாய்க்குப் பதிலாகப் புலியோடு, இன்னும் பல மடங்கு பயங்கரமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்காகத்தான் இந்தக் காணொளியையே தயாரித்தேன். தயவுசெய்து இறுதிவரை பாருங்கள்.

அச்சு வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 1697இல் பிரான்சில் ஷார்ல் பெரோ வெளியிட்ட தொகுப்பில் சிறுமிக்குச் சிவப்புத் தொப்பி உண்டு, ஆனால் மீட்சி இல்லை. ஓநாய் அவளைத் தின்றுவிடுவதோடு கதை முடிகிறது, அதன் அடியில் இளம்பெண்களைப் பின்தொடரும் சாதுவான ஓநாய்களே மிகவும் ஆபத்தானவை என்று எச்சரிக்கும் செய்யுள் ஒன்று வருகிறது. 1812இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் இதே கதையை வெளியிட்டபோது ஒரு வேட்டைக்காரர் வந்து, கத்தரிக்கோலால் ஓநாயின் வயிற்றைத் திறந்து, சிறுமியையும் பாட்டியையும் உயிரோடு வெளியே எடுக்கிறார். கிரிம் சகோதரர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னவர்கள் காசல் நகரில் வாழ்ந்த ஹாசன்ஃப்ளூக் குடும்பத்துப் பெண்கள். அந்தக் குடும்பத்தின் வேர்கள் ஹியூகனாட் எனப்படும் பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ மரபைச் சேர்ந்தவை என்பதால், ஜெர்மானியக் கதை என்று உலகம் நம்பியது பிரான்சிலிருந்தே அங்கே போயிருக்க வாய்ப்பு மிக அதிகம்.

ஆக, அச்சில் அவளுக்குக் கிடைத்தவை இரண்டே விதிகள்: ஓநாயின் வயிற்றில் சாவது, அல்லது ஓர் ஆண் வந்து காப்பாற்றும்வரை அதே வயிற்றில் காத்திருப்பது. கிரிம் பதிப்பில் இரண்டாம் ஓநாய் ஒன்று வருவதும், பாட்டியும் பேத்தியும் கதவைத் தாழிட்டுக்கொண்டு, இறைச்சி வேகவைத்த நீரைத் தொட்டியில் நிரப்பி, அந்த மணத்துக்கு மயங்கிக் கூரையிலிருந்து சறுக்கி விழும் ஓநாயை அதிலேயே மூழ்கடிப்பதும் பெரும்பாலான படக்கதைகளில் விடுபட்டுப்போகின்றன. எனக்கு அது பெரிய வருத்தம்.

[காட்சி: பிரான்சின் வரைபடம், நிவெர்னே பகுதி]

இப்போது கிராமத்துக்குப் போவோம். மத்திய பிரான்சின் நிவெர்னே பகுதியில் 1885 வாக்கில் நாட்டார் வழக்காறுகளைத் திரட்டிய அஷில் மிலியேன், உழவர்கள் வாய்மொழியாகச் சொன்ன ஒரு வடிவத்தைக் குறித்துவைத்தார். தொடக்கத்தில் நான் சொன்ன கம்பளி நூல் அதில்தான் வருகிறது. அங்கே சிறுமிக்குச் சிவப்புத் தொப்பியே கிடையாது. எதிரே வரும் ஓநாய்மனிதன் அவளிடம், "ஊசிப் பாதையில் போகிறாயா, குண்டூசிப் பாதையில் போகிறாயா?" என்று கேட்கிறான். பொருளற்ற கேள்வியாகத் தோன்றினாலும், அந்தப் பகுதியில் பருவ வயதுப் பெண்களை ஒரு குளிர்காலம் தையல்காரியிடம் அனுப்பும் வழக்கம் இருந்ததைக் காட்டி, இந்தக் கதை ஒரு சிறுமி பெண்ணாக வளர்வதைப் பேசுகிறது என்று மானுடவியலாளர் இவோன் வெர்தியே விளக்கினார். அவள் பாட்டி வீட்டை அடைந்ததும், அலமாரியில் இருந்த இறைச்சியை, அது கொல்லப்பட்ட பாட்டியின் உடல் என்று அறியாமலே உண்கிறாள். ஒரு பூனை அதைச் சொல்லிக் கத்துகிறது. மாளிகை வாசகர்களுக்காக எழுதிய பெரோவின் நூலில் இவை எவையும் இல்லை.

இந்த வாய்மொழி வடிவம் பெரோவுக்குப் பிறகுதானே பதிவாயிற்று, அவருடைய கதையைப் படித்த யாரோ ஒருவர் கம்பளி நூலையும் மரத்தையும் பின்னால் சேர்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மிக நியாயமான கேள்வி. அதற்கு எனக்குத் தெரிந்த வலுவான மறுமொழி சீனாவில் இருக்கிறது.

[காட்சி: சீன மை ஓவிய நடையில் மலை, நிலவு, ஒரு பெரிய மரம்]

சிங் வம்சக் காலத்து எழுத்தாளரான ஹுவாங் ஜிஜுன் 1748இல் மறைந்தவர். அவர் எழுதிவைத்த 'புலிக் கிழவி' கதையில், ஒரு சிறுமி தன் தம்பியுடன் ஒரு கூடை இலந்தைப் பழத்தை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பெற்ற பாட்டியைப் பார்க்க மலைப் பாதையில் போகிறாள். வழியில் ஒரு கிழவி, "நான்தான் உன் பாட்டி" என்கிறாள். பாட்டியின் முகத்தில் ஏழு கரும்புள்ளிகள் இருக்கும் என்று அம்மா சொல்லியிருப்பதாகச் சிறுமி தயங்க, கிழவி ஓடைக்குப் போய் நத்தை ஓடுகளை முகத்தில் ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். இரவில் உடலெங்கும் மயிர் தட்டுப்படுகிறது. அது தாத்தாவின் ஆட்டுத்தோல் அங்கி என்று பதில் வருகிறது. பெரிய காது, பெரிய பல் என்று நாம் மனப்பாடம் செய்த உரையாடலின் உறவுக்காரி இங்கே இருட்டில், தொட்டுப் பார்த்துக் கேட்கிறாள். பார்ப்பதைவிடத் தொட்டு அறிவதில் அச்சம் கூடுதல் என்று அந்தக் கதைசொல்லிக்குத் தெரிந்திருக்கிறது.

நள்ளிரவில் நறநறவென்று மெல்லும் ஓசை. "என்ன தின்கிறீர்கள், பாட்டி?" "நீ கொண்டுவந்த இலந்தைப் பழம்தான்." எனக்கும் ஒன்று கொடுங்கள் என்று கை நீட்டியவளின் உள்ளங்கையில் விழுவது தம்பியின் விரல். அவள் அலறவில்லை. வெளிக்குப் போக வேண்டும் என்கிறாள். காலில் கயிறு கட்டப்படுகிறது. வெளியே வந்து நிலவொளியில் பார்த்தால், அது கயிறு அல்ல, குடல். அதை அவிழ்த்தெறிந்துவிட்டு மரத்தில் ஏறிக்கொள்கிறாள். பிறகு அந்த வழியாக வந்த சிலர் அவளை இறக்கி, அவளுடைய உடையை மரத்துக்கு உடுத்திவிடுகிறார்கள். இரண்டு புலிகளை விருந்துக்கு அழைத்துவந்த கிழவி வெறும் உடையைக் காட்ட, ஏமாற்றப்பட்டதாகச் சினந்த அவை கிழவியையே கடித்துக் கொன்றுவிடுகின்றன. தைவானில் இன்றும் சொல்லப்படும் 'ஹு கூ போ' கதையிலோ யாரும் வருவதில்லை; மரத்தின் மேலிருந்து கொதிக்கும் எண்ணெயைப் புலியின் வாயில் ஊற்றி அவளே கதையை முடிக்கிறாள்.

சீன எழுத்தாளர் பிரெஞ்சு நூலைப் படித்திருந்தாலும் கூட இந்தக் கயிறு அவருக்குக் கிடைத்திருக்காது, ஏனென்றால் பெரோவின் நூலில் அது இல்லவே இல்லை. அப்படியானால் இந்த இரண்டு நாடுகளின் வாய்மொழி மரபுகளும் எங்கோ ஒரே நீரைக் குடித்திருக்கின்றன என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இதை அளந்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். டர்ஹாம் பல்கலைக்கழக மானுடவியலாளர் ஜம்ஷித் தெஹ்ரானி, உயிரினங்களின் பரிணாம மரத்தை வரையும் கணித முறையைக் கொண்டு இந்தக் கதையின் 58 வடிவங்களை ஒப்பிட்டு, 2013இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வெளியிட்டார். கிழக்காசியப் புலிக் கதைகள் சிவப்புத் தொப்பிக் கதைக்கு மூதாதை அல்ல, தாய் ஆடு போல் நடித்து ஓநாய் குட்டிகளைத் தின்ன வரும் 'ஓநாயும் ஆட்டுக்குட்டிகளும்' கதையும் சிவப்புத் தொப்பிக் கதையும் கலந்து பிறந்தவை என்பது அவருடைய முடிவு. நான் அதை மதிக்கிறேன். கலந்து பிறந்தாலும், அச்சு நூல்கள் கைவிட்ட அறிவுள்ள சிறுமியை அந்தக் கதைகள் கைவிடவில்லை என்பதே எனக்கு முக்கியம்.

ஐந்து வயதுக் குழந்தைக்கு இறைச்சியையும் விரலையும் சொல்ல வேண்டாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவற்றை நீக்கும்போது அவளுடைய தந்திரத்தையும் சேர்த்து நீக்கிவிட்டு, அந்த இடத்தில் துப்பாக்கி ஏந்திய ஒருவரை நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் வீட்டில் யாராவது, காட்டு விலங்கிடமோ பேயிடமோ சிக்கிய குழந்தை தானே யோசித்துத் தப்பிக்கும் கதையைச் சொல்லியிருந்தால், எந்த ஊர், எந்த விலங்கு, எப்படித் தப்பித்தது என்ற மூன்றையும் மறக்காமல் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். வானத்திலிருந்து இறங்கும் கயிற்றைப் பிடித்து அண்ணனும் தங்கையும் புலியிடமிருந்து தப்பிக்கும் கொரியக் கதையை அடுத்த காணொளியில் பார்ப்போம்.