தராசில் 12 தெரிய வேண்டும்

வணக்கம். கொஞ்சம் தள்ளி நிற்கிறேன், பின்னால் சைக்கிள் முழுசாகத் தெரியட்டும். தெரிகிறதா? சரி.

இது அலுமினியச் சட்டம், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், 29 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று பின்னால் எட்டு என்று 24 கியர். சாதாரண மவுண்டன் பைக். இரண்டு மாதத்துக்கு முன்னால் எடை போட்டபோது 14.86 கிலோ இருந்தது. தராசில் 12 என்று தொடங்கும் ஒரு எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. வந்ததா இல்லையா என்று கடைசியில் பார்ப்போம்.

முதலில் தராசு. பயணப்பெட்டியைக் கொக்கியில் மாட்டி எடை பார்க்கும் சின்ன மின்னணுத் தராசு ஒன்று முழு சைக்கிளுக்கு. உதிரி பாகங்களுக்குச் சமையலறைத் தராசு. இந்த இரண்டும் இல்லாமல் வேலையில் இறங்காதீர்கள். எது கனம் என்று கை சொல்வதும் தராசு சொல்வதும் வேறு வேறு. சைக்கிளைக் கழுவித் துடைத்துவிட்டு எடை போடுங்கள், அதுவும் முக்கியம். முதல் தடவை நான் சேற்றோடு சேர்த்துப் போட்டுவிட்டு, கழுவின பிறகு ஏதோ பெரிதாகக் குறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

செலவே இல்லாத வேலை எது என்றால், வேண்டாததைக் கழற்றுவதுதான். இதோ, இந்தப் பெட்டியில் கிடக்கிறது பாருங்கள். ஸ்டாண்டு மட்டும் 310 கிராம். பின் காசெட்டுக்கும், அதாவது பின்னால் இருக்கும் பல்சக்கர அடுக்குக்கும், ஸ்போக்ஸுக்கும் நடுவில் இருந்த பிளாஸ்டிக் தட்டு, சக்கரத்தில் இருந்த ரிஃப்ளெக்டர்கள், அவற்றின் கிளாம்புகள் எல்லாம் சேர்த்து 190. ஆக அரை கிலோ, பத்து நிமிஷத்தில். இரவில் சாலையில் ஓட்டுகிறவர்கள் ரிஃப்ளெக்டரைக் கழற்ற வேண்டாம். நான் பகலில் காட்டுப் பாதையில் மட்டும்தான் ஓட்டுகிறேன். அந்தப் பிளாஸ்டிக் தட்டுக்கும் ஒரு வேலை உண்டு: செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்ஸில் விழாமல் தடுப்பது. செயின் எதுவரை நகரலாம் என்று கட்டுப்படுத்தும் லிமிட் ஸ்க்ரூவைச் சரியாக வைத்த பிறகுதான் அதை எடுத்தேன்.

அடுத்து டயர். என்னைக் கேட்டால் காசு செலவழிப்பதை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பழைய டயரின் விளிம்புக்குள் இரும்புக் கம்பி இருந்தது, ஒன்று 880 கிராம். கம்பிக்குப் பதில் அராமிட் இழை வைத்து, மடித்து வைக்கக்கூடிய டயர்கள் உண்டு. அதே அகலத்தில் நான் வாங்கியது 690. உள்ளே இருந்த டியூப் ஒவ்வொன்றும் 230. அதை எடுத்துவிட்டு டியூப்லெஸ்ஸாக மாற்றினேன். ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவம் ஒரு சக்கரத்துக்கு 100 மில்லி, அது ஏறக்குறைய 100 கிராம். வால்வும் டேப்பும் இன்னொரு 25. ரிம்முக்குள் இருந்த பழைய ரப்பர் பட்டை போன கணக்கையும் சேர்த்தால் இரண்டு சக்கரத்திலும் மொத்தம் 640 கிராம் மிச்சம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 'சுற்றுகிற எடை இரண்டு மடங்கு' என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி உண்மை. ரிம்மின் ஓரத்தில் இருக்கும் ஒரு கிராம், வண்டியோடு முன்னாலும் போகிறது, சக்கரத்தோடும் சுற்றுகிறது. அதனால் வேகம் பிடிக்கும்போது அதற்குத் தேவைப்படும் சக்தி சட்டத்தில் இருக்கும் ஒரு கிராமைவிட இரண்டு மடங்கு. ஆனால் ஒரே வேகத்தில் மேடு ஏறும்போது அந்தக் கணக்கு செல்லாது. அங்கே சக்கரத்தில் இருந்தாலும் சீட்டில் இருந்தாலும் கிராம் கிராம்தான். வளைந்து வளைந்து போகும் பாதையில், ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறைந்து மறுபடி மிதிக்கும்போதுதான் வித்தியாசம் காலில் தெரியும். எனக்குத் தெரிந்தது.

டியூப்லெஸ் போட்ட கதையையும் சொல்ல வேண்டும், சுவரில் அந்த வெள்ளைக் கறை இன்னும் இருக்கிறதே. ரிம், டயர் இரண்டும் டியூப்லெஸ்ஸுக்கு என்றே செய்ததாக இருக்க வேண்டும், என்னுடையது அப்படித்தான். தப்பு நான் செய்தது. ரிம்முக்குள் ஒட்டும் டேப்பை அகலம் குறைவாக வாங்கிவிட்டேன். நடுவில் ஓட்டையை மூடியது, ஓரத்தில் இழுத்துப் பிடிக்கவில்லை. காற்று ஏற்ற ஏற்ற ஸ்போக்ஸ் நிப்பிள் வழியாக சீலண்ட் பீய்ச்சி அடித்தது. முகத்திலும்தான். எல்லாவற்றையும் பிரித்து, ரிம்மை ஐசோபுரொபைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்து, இரண்டு ஓரத்தையும் தொடுகிற அகலத்தில் புது டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டினேன்.

அப்புறம் டயர் விளிம்பு ரிம்மில் உட்காரவில்லை. தரையில் வைத்து அடிக்கும் பம்ப்பை அடித்து அடித்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். வால்வின் உள்கருவைக் கழற்றிவிட்டு, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வேகமாக அடித்தேன். டப், டப் என்று இரண்டு சத்தம், உட்கார்ந்துவிட்டது. காற்றை இறக்கி, வால்வு வழியாக சீலண்டை ஊற்றி, கருவைத் திரும்பப் போட்டு, சக்கரத்தை எல்லாப் பக்கமும் சாய்த்துக் குலுக்கினால் வேலை முடிந்தது. சீலண்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும், திறந்து பார்த்து மறுபடி ஊற்ற வேண்டும். அந்தச் சோம்பல் இருக்கிறவர்களுக்கு டிபியூ என்ற மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்த டியூப் இருக்கிறது. ரப்பர் டியூப்பின் எடையில் பாதிகூட இருக்காது.

அடுத்தது முன் கியர். முன்னால் இருக்கும் மூன்று பல்சக்கரத்தையும் எடுத்துவிட்டு ஒன்றே ஒன்று வைப்பது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் முன் டீரெய்லர் 150 கிராம், இடது கையால் கியர் மாற்றும் ஷிஃப்டர் 130, கேபிளும் உறையும் 70, மூன்று பல்சக்கரம் 245. பதிலுக்கு வந்த 32 பல் சக்கரம் 50. மொத்தம் 545 கிராம் போனது. உங்கள் கிராங்கில், அதாவது பெடல் மாட்டியிருக்கும் கையில், பல்சக்கரங்கள் போல்ட்டில் மாட்டியிருக்கின்றனவா, ரிவெட் அடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரிவெட் என்றால் கிராங்கையே மாற்ற வேண்டும். ஷிஃப்டரும் பிரேக் லீவரும் ஒரே பாகமாக இருந்தால் அதையும் கழற்ற முடியாது. ஒரே சக்கரத்துக்கு நீளம் குறைந்த போல்ட் தேவைப்படும், அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய நடுச் சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டு ஓட்டினால் என்ன என்று நானும் யோசித்தேன், செய்தும் பார்த்தேன். முதல் கல்லிலேயே செயின் கழன்றது. அந்தப் பற்கள் செயின் சுலபமாக ஏறி இறங்குவதற்கென்றே வெட்டப்பட்டவை, அதைக் குறை சொல்ல முடியாது. ஒற்றைச் சக்கரத்துக்கு வேண்டியது நேரோ-வைட் பல். இதோ, கிட்டத்தில் காட்டுகிறேன். ஒரு பல் தடிமன், அடுத்தது மெல்லிசு. செயினிலும் ஒரு கண்ணி அகலம், அடுத்தது குறுகல் என்றுதான் மாறி மாறி வரும். இரண்டும் பொருந்திக் கவ்விக்கொள்கிறது. அதனால்தான் இதில் பற்களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. 2012இல் ஸ்ராம் கம்பெனியின் எக்ஸ்எக்ஸ்1 வந்த பிறகுதான் ஒற்றைச் சக்கரம் இந்த அளவுக்குப் பரவியது.

545 கிராமைக் குறைத்த சந்தோஷத்தில் ஒரு கணக்கை விட்டுவிட்டேன். பழைய சின்னச் சக்கரம் 22 பல், பின்னால் பெரியது 34. ஒரு மிதிக்குப் பின் சக்கரம் முக்கால் சுற்றுகூடச் சுற்றாது, செங்குத்து மேட்டிலும் உட்கார்ந்தபடியே ஏறலாம். இப்போது 32க்கு 34. ஒரு மிதிக்கு ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று. மூன்று வாரம், எடை குறைந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடு ஏறினேன். தள்ளுவதற்கு லேசாகத்தான் இருந்தது!

வேறு வழியில்லாமல் பின்னால் 42 பல் வரை போகும் காசெட் வாங்கினேன். பின் டீரெய்லர் அவ்வளவு பெரிய பல்சக்கரத்துக்கு எட்டாது, அதைக் கொஞ்சம் கீழே இறக்க ஒரு சின்ன இணைப்புத் துண்டும் போட்டேன். இரண்டும் சேர்ந்து 180 கிராம் திரும்பி வந்தது. அது போதாதென்று செயின். முன்னால் 32 போட்ட அன்றே, நீளம் அதிகம் என்று நாலு கண்ணியை வெட்டி எறிந்திருந்தேன். காசெட் மாற்றியதும் செயின் எட்டவில்லை. பழைய பெரிய பல்சக்கரங்கள் முன்னால் 42 பல், பின்னால் 34, கூட்டினால் 76. புதியது 32ம் 42ம், 74. வெட்டாமல் விட்டிருந்தால் அதே செயின் பொருந்தியிருக்கும். புதுச் செயின் வாங்கினேன். நீங்கள் காசெட்டை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் செயினைத் தொடுங்கள்.

மற்றதெல்லாம் சில்லறை. சீட் 430 இருந்தது, 270ல் ஒன்று கிடைத்தது. ரப்பர் கிரிப்புக்குப் பதில் ஃபோம் கிரிப், 75 மிச்சம். சீட் போஸ்டின் அடியில் 6 சென்டிமீட்டர் அறுத்தேன், 35 கிராம். என் உயரத்துக்கு அது முழுக்கக் குழாய்க்குள் சும்மா கிடந்தது. அறுத்த பிறகும், மேல் குழாய் வந்து சேரும் இடத்துக்கு நன்றாகக் கீழே வரை போஸ்ட் இறங்கி நிற்க வேண்டும், அளந்துவிட்டு அறுங்கள். ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் 2 சென்டிமீட்டர் எடுத்ததில் கிடைத்தது 15 கிராம்தான். அதை எடைக்காகச் செய்யவில்லை, மரங்களுக்கு நடுவில் கை இடித்துக்கொண்டே இருந்தது.

போல்ட்டுகளைத் தொடவில்லை. அலுமினிய போல்ட் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான், பார்க்க அழகாகவும் இருக்கும். பாட்டில் மாட்டும் இடத்தில் போடுங்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம், பிரேக் காலிப்பர் பக்கம் கொண்டு போகாதீர்கள். அது உடைந்தால் முன்பற்களும் எடை குறைந்துவிடும்.

பாகங்களில் டிரில் போட்டு ஓட்டை போடலாமே என்று எழுதப் போகிறவர்களுக்கு: 1972இல் பெல்ஜியப் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி சாதனை படைத்த சைக்கிளில் செயினில்கூட ஓட்டை போட்டிருந்தார்கள். ஓட்டியது வழவழப்பான தடத்தில், ஒரே ஒரு மணி நேரம். நாம் கல்லிலும் வேரிலும் குதிக்கிறோம்.

சரி, தராசு. மாட்டுகிறேன்... ஆட்டம் நிற்கட்டும்... 13.07. பன்னிரண்டு வரவில்லை. ஆனால் 1.79 கிலோ குறைந்திருக்கிறது. நான், என் பை, தண்ணீர், பழைய சைக்கிள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 90 கிலோ. அதில் இது 2 சதவீதம். ஒரு மணி நேரம் ஏறுகிற மேட்டில் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே மிச்சம், அவ்வளவுதான். ஆனால் சைக்கிளைத் தோளில் தூக்கி மாடி ஏறும்போது நன்றாகவே தெரிகிறது.

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், இதிலேயே பெரிய குண்டு அதுதான். உள்ளே இரும்பு ஸ்பிரிங், 2.6 கிலோ. காற்றில் வேலை செய்யும் ஃபோர்க் 1.7ல் கிடைக்கும். 900 கிராம், ஒரே அடியில் 12.17 வந்துவிடும். ஆனால் எனக்குப் பிடித்த ஃபோர்க்குகள் எல்லாம் 15 மில்லிமீட்டர் அச்சுக்கு, என் முன் ஹப், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதி, 9க்கு. ஹப்பை மாற்றினால் சக்கரத்தையே மறுபடி கட்ட வேண்டும். ஃபோர்க்கின் மேல் நிற்கும் ஸ்டியரர் குழாயும் என்னுடையது நேர்க் குழாய், புதியவை பெரும்பாலும் கீழே அகலமானவை. அளவெல்லாம் எடுத்துக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன், உண்டியல்தான் நிறையவில்லை.

பின் டயரில் காற்று கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கிறது. இருங்கள், பம்ப் எங்கே வைத்தேன்...